ஃபாரூக்கின் கடைசி விலை

தேக்காவில் டன்லப் தெருவில் இருபத்தாறு வருஷமாகக் கைலிக்கடை நடத்தும் ஃபாரூக்கிடம் "கடைசி விலை என்ன பாய்?" என்று கேட்காத வாடிக்கையாளர் கிடையாது. அதற்குப் பதில் வாங்கிய வாடிக்கையாளரும் கிடையாது.

பதினாறு வெள்ளி என்று ஆரம்பிப்பார். முகத்தைப் பார்த்துப் பதினைந்து என்பார். வாசல் தாண்டிப் போனவரைக் கூப்பிட்டு, "சரி வாங்க, உங்களுக்காக" என்று பதினாலுக்குக் கட்டிக் கொடுப்பார். பதினாலுதான் கடைசியா என்றால் அதுவும் இல்லை. அது அவருக்கும் அல்லாஹ்வுக்கும் மட்டும் தெரிந்த ரகசியம். கட்டிக்கொண்டு இருபத்து நாலு வருஷம் ஆன ஜைனபுக்கே தெரியாது. அதே கைலி கேலாங்கில் இருக்கும் அவருடைய இன்னொரு கடையில் பதினெட்டு. கடற்பாலத்தைத் தாண்டி ஜொகூரில் தம்பி கடையில் நம் காசுக்குப் பத்து. ஒரே தறி, ஒரே மூட்டை, ஒரே கப்பல். கேட்டால், "கடை வாடகையையும் ஆளோட சட்டைப்பையையும் பார்த்துத்தான் விலை சொல்லணும். எல்லாருக்கும் ஒரே விலைன்னு சொல்ல இது என்ன தபால்தலையா?" என்பார்.

இந்த மனுஷர்தான் கார் வாங்கப் போனார்.

ஆசைப்பட்டுப் போகவில்லை. பொங்கோலில் வீட்டுக்குக் கீழேயே ரயிலை வைத்துக்கொண்டு காருக்குக் கொட்டிக் கொடுப்பவர்களையெல்லாம் வாய்நிறையக் கேலி செய்தவர் அவர். போனது மகள் யும்னாவுக்காக. ஒரே பிள்ளை. பத்தொன்பது வயது, வாய்க்கு மட்டும் நாற்பது வயது. பிறந்ததிலிருந்தே தசைகளில் வலு இல்லை. பன்னிரண்டு வயதிலிருந்து சக்கர நாற்காலிதான். ஆனால் கணக்கு என்று வந்துவிட்டால் பிசாசு. மேற்குக் கோடியில் இருக்கும் பல்கலைக்கழகத்தில் அவள் கேட்ட கணிதப் படிப்பே கிடைத்தது. போன ஆகஸ்டில் சேர்ந்தாள். பொங்கோலிலிருந்து அங்கே போக ஒரு வழிக்கே இரண்டு மணி நேரம். மூன்றே வாரம்தான். நிமிர்ந்து உட்கார்ந்தபடியே போய்வந்ததில் இடுப்பில் புண் கண்டு, அது சீழ் பிடித்து, ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தாள்.

சாய்ந்து படுத்துக்கொண்டு போகிற மாதிரி இருக்கை இல்லாவிட்டால் இனி நெடுந்தூரப் பயணமே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். விடுதியில் விடலாம் என்றால், ராத்திரியில் மூன்று தடவை புரட்டிப் படுக்கவைக்க ஆள் வேண்டும். டாக்சியில் தூக்கி வைத்துக் கூட்டிப் போகலாம் என்றால், தூக்க வேண்டியவள் ஜைனப். அவள் முதுகு பிப்ரவரியில் குளியலறையில் 'சடக்' என்றது. அன்றோடு தூக்குவது போயிற்று. பல்கலைக்கழகத்தில் நல்லவர்கள்தான்; ஒரு வருஷம் இடத்தை வைத்திருக்கிறோம் என்று கடிதம் கொடுத்தார்கள். வருகிற ஆகஸ்ட் பத்தாம் தேதிக்குள் வந்து சேரவேண்டும். தவறினால் இடம் போய்விடும். மறுபடி முதலிலிருந்து விண்ணப்பிக்க வேண்டும். அந்தக் கடிதத்தை யும்னா குளிர்பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருந்தாள். பால் எடுக்கப் போகும்போதெல்லாம் ஜைனபின் கண்ணில் அதுதான் படும்.

ஜப்பானில் இதற்கென்றே ஒரு வண்டி செய்கிறார்கள். பட்டனை அழுத்தினால் இருக்கை தானாகவே வெளியே திரும்பி, கீழே இறங்கி, சக்கர நாற்காலியின் உயரத்துக்கு வந்து நிற்கும். பலகையை வைத்துச் சறுக்கி உட்காரவேண்டியதுதான். பிறகு அதுவே தூக்கி உள்ளே கொண்டுபோய்ச் சாய்த்துப் படுக்கவைத்துவிடும். ஜைனபிடம் லைசென்ஸ் இருந்தது. தூக்க வேண்டாம், ஓட்டினால் போதும். கணினியில் அந்தப் படத்தைப் பார்த்த அன்று தாயும் மகளும் அதைப் பதினோரு தடவை போட்டுப் போட்டுப் பார்த்தார்கள்.

கார்க் கடைகள் நிறைந்த உபி வட்டாரத்தில் அப்படிப்பட்ட வண்டிகளை வரவழைத்துக் கொடுக்கும் ஒரு கடையில் ரஞ்சன் என்ற விற்பனையாளர் இருந்தார். தமிழ்ப் பையன், வெள்ளைச் சட்டை, நல்ல மரியாதை. எல்லாம் சேர்த்து இரண்டு லட்சத்து இருபத்தெட்டாயிரம் வெள்ளி என்றார்.

"எல்லாம் சேர்த்துன்னா?" என்றார் ஃபாரூக்.

"வண்டி, வரி, ரிஜிஸ்ட்ரேஷன், சிஓஇ எல்லாம் பாய். சிஓஇ ஏலம் எவ்வளவு ஏறினாலும் எங்க தலைவலி. ஜூலைக்குள்ள வண்டி உங்க புளோக்குக்குக் கீழ நிக்கும். எழுதித் தர்றோம்."

சிஓஇ என்றால் வாகன உரிமைச் சான்றிதழ். இந்த ஊரில் கார் வாங்க மட்டும் காசு இருந்தால் போதாது. கார் வைத்துக்கொள்ளும் உரிமையைத் தனியாக ஏலத்தில் எடுக்கவேண்டும். மாதத்துக்கு இரண்டு ஏலம். பெரும்பாலும் வண்டியைவிட அந்தக் காகிதத்துக்குத்தான் விலை அதிகம்.

"சரி தம்பி, அதுல உங்க மார்ஜின் எவ்வளவு?"

ரஞ்சன் சிரித்தார். "பாய், உங்க கைலிக்கு நீங்க சொல்லுவீங்களா?"

ஜைனப் அங்கேயே புரிந்துகொண்டாள், காரியம் கெட்டது என்று. ஃபாரூக்கிடம் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கக் கூடாது. தன் வித்தையைத் தன் மேலேயே ஒருவன் காட்டுகிறான் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. தோன்றியபின் அந்த மனுஷரைப் பிடிக்க முடியுமா?

அன்றிலிருந்து பத்து நாள் ஒரு பயிற்சிப்புத்தகத்தை வைத்துக்கொண்டு உலகத்தையே சுற்றினார். ஜொகூரில் தம்பியைக் கேட்டார். பெர்த்தில் இருக்கும் மச்சானைக் கேட்டார். துபாய், கொழும்பு என்று கைலி போகிற ஊரிலெல்லாம் விசாரித்தார். ஒரே வண்டி, ஊருக்கு ஒரு விலை. ஓரிடத்தில் வியாபாரி இரண்டாயிரம் வைக்கிறான், ஓரிடத்தில் எட்டாயிரம், நம்மூரில் இருபதுக்கு மேல் வைக்கிறான் என்று கோடு போட்டு எழுதினார். கடைசியாக ஜப்பானில் நகோயாவில் பழைய வண்டி ஏற்றுமதி செய்யும் ஜைனபின் அண்ணன் மகன் அப்துல் ஹமீதைப் பிடித்தார்.

"மாமா, அங்க சொல்ற விலையில பாதி இங்க கிடையாது. நானே எடுத்து ஏத்தி விடுறேன். ஆனா நீங்க சிஓஇயை சீக்கிரம் எடுத்துக்கணும்."

"அதெல்லாம் நான் பார்த்துக்குறேன்" என்றார் ஃபாரூக். கூட்டிப் பார்த்தால் முப்பத்தெட்டாயிரம் வெள்ளி மிச்சம். புத்தகத்தை ஜைனபிடம் நீட்டினார். "பாத்தியா? சும்மா உக்காந்த இடத்துல முப்பத்தெட்டாயிரம். நம்ம பிள்ளைக்குப் படிப்புச் செலவே ஆச்சு."

சும்மா சொல்லக் கூடாது, அவர் சொன்ன கணக்கில் தப்பே இல்லை. யும்னாவே சரிபார்த்துவிட்டுத் தலையாட்டினாள். தப்பு வேறு இடத்தில் உட்கார்ந்திருந்தது.

ஹமீது இரண்டு வண்டிகளின் படம் அனுப்பினான். ஒன்றுக்கு வயது இரண்டு. மற்றொன்றுக்கு ஜூலை இரண்டாம் தேதி வந்தால் மூன்று நிறையும். அதனால் நாலாயிரம் வெள்ளி குறைவு. வெளிநாட்டில் ஓடிய வண்டி மூன்று வயது நிறைவதற்குள் இங்கே பதிவாகிவிடவேண்டும். ஒரு நாள் தாண்டினாலும் இந்த ஊர் ரோட்டில் ஏற முடியாது. அதையும் ஹமீது தெளிவாகச் சொன்னான். அப்போது மார்ச் மாதம். "நாலு மாசம் கிடக்கு. ரெண்டும் ஒரே வண்டிதான்லா" என்று நாலாயிரம் குறைந்ததையே எடுத்தார் ஃபாரூக். முத்து வெள்ளை நிறம். ஏப்ரல் கடைசியில் கப்பல் வந்து, வண்டி ஜூரோங்கில் ஒரு சுங்கக் கிடங்கில் போய் நின்றது. சோதனை, புகைச் சான்று, கையெழுத்து என்று அலைந்து எல்லாவற்றையும் அவரே முடித்தார். சிஓஇ மட்டும்தான் பாக்கி.

ஏப்ரலில் நடந்த இரண்டு ஏலத்திலும் அவர் கேட்கவே இல்லை. "விலை ஏறிக் கிடக்கு. இறங்கும்" என்றார்.

மே மாதம் முதல் ஏலத்துக்கு முன்னால் யும்னா அவரைச் சாப்பாட்டு மேசையில் பிடித்து உட்காரவைத்தாள்.

"அத்தா, இது தேக்கா பேரம் இல்ல. நல்லா கேளுங்க. ஆயிரம் சிஓஇ இருக்குன்னு வைங்க. யாரு அதிகமா எழுதுறாங்களோ, அவங்கள்ல முதல் ஆயிரம் பேருக்குக் கிடைக்கும். ஆனா எழுதின காசை யாரும் கட்ட வேணாம். ஆயிரத்து ஒண்ணாவது ஆளு என்ன எழுதினானோ, அதுக்கு மேல ஒரு வெள்ளி. எல்லாருக்கும் அதே விலை. நீங்க ரெண்டு லட்சம்னு எழுதினாலும் கட்டப் போறது அதைத்தான். So உங்களால எவ்வளவு முடியுமோ, அதை அப்படியே எழுதிட்டு வந்துடணும். அவ்வளவுதான்."

"அப்ப எல்லாரும் ரெண்டு லட்சம்னு எழுதினா?"

"எழுத மாட்டாங்க, அத்தா."

"எப்படித் தெரியும் உனக்கு? எவன் வாயத் திறந்து பெரிய விலை சொல்றானோ அவன் தலையிலதான் கட்டுவான். நான் இருபத்தாறு வருஷமா வேற என்ன பண்ணிக்கிட்டு இருக்கேன்?"

"இது கம்ப்யூட்டர் அத்தா. அதுக்கு உங்க மூஞ்சி தெரியாது."

ஃபாரூக் சிரித்தார். மகளின் தலையைத் தடவிக் கொடுத்தார். பிறகு தன் போனை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய், முந்தின ஏலத்தின் விலையைவிட ஐந்நூறு குறைத்து எழுதிவிட்டு வந்தார். கிடைக்கவில்லை. அடுத்ததில் முந்தின விலையையே எழுதினார். கிடைக்கவில்லை. ஜூன் முதல் ஏலத்தில் ஆயிரம் கூட்டி எழுதினார்; முந்நூறு வெள்ளியில் போயிற்று. ஒவ்வொரு தடவையும் ஏதோ ரஞ்சனும் அவன் முதலாளியும் சேர்ந்து தன்னை வேவு பார்த்து விலையை ஏற்றிவிட்டதைப்போலப் பேசினார். போன் அவருடையது, கடவுச்சொல் அவருடையது, ஏலம் அவர் பெயரில். ஜைனப் என்ன செய்வாள்? குளிர்பெட்டியைத் திறப்பாள், மூடுவாள்.

"நம்மால எவ்வளவு முடியும்ங்க?" என்று ஒரு நாள் கேட்டுப் பார்த்தாள். "எதுவரைக்கும் போவீங்க? என்கிட்டயாவது சொல்லுங்க."

"ஏன், நீ யார்கிட்ட சொல்லப் போறே?" என்றார் அவர். வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனாலும் சொல்லவில்லை.

ஜூன் பதினேழு, புதன்கிழமை. மாலை நாலு மணிக்கு ஏலம் முடியும். அதற்கடுத்த ஏலம் ஜூலை ஆறாம் தேதிதான் தொடங்கும். அதற்குள் வண்டிக்கு மூன்று வயது நிறைந்துவிடும். ஆக, இதுதான் கடைசி. ஜைனப் யும்னாவைப் பக்கத்து வீட்டுத் தங்கம் அக்காவிடம் விட்டுவிட்டு, ரயிலேறி நேரே கடைக்குப் போய், கைலி மூட்டையின் மேல் புருஷன் எதிரிலேயே உட்கார்ந்துகொண்டாள். யும்னா போனில் இருந்தாள், ஒலிபெருக்கியில்.

"முந்தின விலைக்கு மேல நாலாயிரம் கூட்டி ஒரு லட்சத்து எட்டாயிரம் எழுதியிருக்கேன்" என்றார் ஃபாரூக் பெருமையாக. அவரைப் பொறுத்தவரை அது வீரச்செயல்தான். திரையில் அப்போதைய விலை ஒரு லட்சத்து நாலாயிரம்.

"அத்தா, ஒன்னு முப்பது போடுங்க. ப்ளீஸ்."

"இருடி. இன்னும் நேரம் இருக்கு."

மூன்று ஐம்பதுக்குக் கட்டட வேலைப் பையன்கள் இரண்டு பேர் வந்து ஊதாக் கைலி ஒன்றைப் பிரித்துப் பார்த்து, "கடைசி விலை என்ன பாய்?" என்றார்கள். ஃபாரூக்கின் தலை தன்னாலே நிமிர்ந்தது. வாய் திறப்பதற்குள் ஜைனப், "பத்து வெள்ளி. எடுத்துட்டுப் போங்க தம்பி" என்றாள். அவர் முகத்தில் ஊசி ஏறினதைப்போல ஒரு சுளிப்பு. பையன்கள் இது நிஜமா என்று பயந்துபோய், ஆளுக்கு இரண்டாக எடுத்துக்கொண்டு ஓடினார்கள்.

மூன்று ஐம்பத்தைந்து. ஒரு லட்சத்து ஏழாயிரம்.

"பாத்தீங்களா, ஏறுது" என்றாள் ஜைனப். "போடுங்கங்க. பிள்ளை சொல்றதைக் கேளுங்க."

அவர் ஒரு லட்சத்துப் பத்தாயிரம் என்று மாற்றினார். எழுதியதைக் கூட்டலாம், குறைக்க முடியாது. அதனாலேயே ஒவ்வொரு தடவையும் விரல் தயங்கித் தயங்கிப் போயிற்று. மூன்று ஐம்பத்தேழுக்கு விலை ஒரு லட்சத்து ஒன்பதாயிரத்து எண்ணூறு. ஐம்பத்தெட்டுக்கு ஒரு லட்சத்துப் பத்தாயிரத்தைத் தாண்டியது.

"அத்தா!" என்று கத்தினாள் யும்னா. "கட்டப் போறது அதை இல்ல! எழுதுங்க! சும்மா எழுதுங்க!"

ஃபாரூக்கின் விரல் ஒன்று, மூன்று, பிறகு நாலு பூஜ்யம் அடித்ததை ஜைனப் தன் கண்ணால் பார்த்தாள். ஒரு லட்சத்து முப்பதாயிரம். யா ரப்பே, இனி ஒரே ஒரு தட்டு. அந்தப் பச்சைக் கட்டத்தைத் தொட்டால் போதும். அவர் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்நியர் யாரோ கடைக்குள் வந்து அவருடைய பணப்பெட்டியைத் திறந்து வைத்துவிட்டதைப்போலப் பார்த்தார். பிறகு ஒவ்வொன்றாக அழித்தார். ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் என்று அடித்து, அதைத்தான் அழுத்தினார்.

கையைத் தட்டிவிட்டு நாமே அழுத்தியிருக்கலாமே என்று ஜைனப் பிறகு எத்தனையோ தடவை நினைத்திருக்கிறாள். அவள் கை மடியிலேயே கிடந்தது. இருபத்து நாலு வருஷத்தில் அவர் கல்லாவில் அவள் கைவைத்ததில்லை. அந்தப் பழக்கம் அந்த நேரம் பார்த்துத்தானா வரவேண்டும்?

மூன்று ஐம்பத்தொன்பது. விலை குதித்தது. ஃபாரூக் பதறிப்போய் மறுபடி எண்களை அடித்தார். ஒன்று, ஒன்று, நாலு... திரையில் ஏலம் முடிந்தது என்று வந்துவிட்டது.

ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றொன்று.

போனில் யும்னா, "எண்ணூத்தித் தொண்ணூத்தி ஒண்ணு" என்றாள். கத்தவில்லை, அழவில்லை. கணக்குக்கு விடை சொல்கிற குரலில் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

ஒன்னு முப்பது என்று எழுதியிருந்தாலும் கிட்டத்தட்ட அந்த விலைதான் கட்டியிருப்பார். குறைந்தது தொள்ளாயிரம் வெள்ளிகூட இல்லை. ஐம்பது அறுபது கைலி விற்ற காசு. அன்றைக்கு ஃபாரூக் கடையை ஆறு மணிக்கே சாத்தினார். ரயிலில் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து பொங்கோல் வந்து சேர்ந்தார்கள்.

பிறகு செய்யாத வேலையில்லை. வண்டி வயதுக்கு ஒரு மாதம் தவணை கேட்டுப் போக்குவரத்து ஆணையத்துக்கு எழுதினார். விதி விதிதான் என்று பதில் வந்தது; அதில் ஒரு கடுமையான வார்த்தைகூட இல்லை, அதுதான் இன்னும் வயிற்றெரிச்சல். பல்கலைக்கழகத்துக்கு ஜைனப் போன் செய்தாள். அந்தப் பெண் நிஜமாகவே வருத்தப்பட்டாள். ஆனால் இரண்டாவது தடவை தள்ளிவைக்க வழியில்லை என்றாள். உபிக்குப் போய் ரஞ்சனிடம் அப்படி வேறு வண்டி இருக்கிறதா என்று கேட்டார்கள். "அந்த சீட் வெச்ச வண்டி எப்பவாவதுதான் பாய் கிடைக்கும். இனிமே நவம்பர்லதான் ஒன்னு வருது" என்றார் ரஞ்சன். யார் மேல் கோபப்படுவது? எல்லாரும் சரியாகத்தான் நடந்துகொண்டார்கள். அடித்துக்கொள்ளச் சுவர்தான் மிச்சம்.

பதிவாகாத வண்டிக்குக் கிடங்கு வாடகை ஏறிக்கொண்டே போயிற்று. கடைசியில் ரஞ்சனே அதை வாங்கி வேறு நாட்டுக்கு ஏற்றிவிடுவதாகச் சொன்னார். "மொம்பாசாவுக்கு அனுப்பிடுவோம் பாய். அங்க இவ்வளவு கெடுபிடி கிடையாது. ஆனா அங்க போற விலை வேற. நான் பதினெட்டாயிரம்தான் தர முடியும்."

வந்து சேர்ந்த செலவில் அது பாதிகூட இல்லை. ஜைனப் ஃபாரூக்கின் முகத்தைப் பார்த்தாள். இப்போது பேரம் பேசுவார், இருபத்தைந்து என்பார், எழுந்து வாசல்வரை போவார், ரஞ்சன் கூப்பிடுவார் என்று காத்திருந்தாள்.

"சரி" என்றார் ஃபாரூக்.

ரஞ்சனுக்கே அது பொறுக்கவில்லை. கொஞ்ச நேரம் பேனாவைத் திருகிக்கொண்டிருந்துவிட்டு, "பத்தொம்பதா போட்டுக்கலாம் பாய்" என்று தானாகவே ஆயிரம் கூட்டினார். அதற்கும் ஃபாரூக் "சரி" என்றார்.

யும்னா ஒன்றே ஒன்று கேட்டாள். "வண்டி போறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாக்கணும். காசு குடுத்து வாங்கியிருக்கோம், மூஞ்சியைக்கூடப் பாக்கல."

ரஞ்சன் அனுமதிச் சீட்டு எடுத்துக் கொடுத்தார். ஜூலை பதினான்காம் தேதி காலை, சக்கர நாற்காலி ஏற்றும் வேன் ஒன்றைப் பிடித்து ஜூரோங்குக்குப் போனார்கள். ரஞ்சனும் அங்கே வந்திருந்தார். தொலைவு என்பதால் வழியில் இரண்டு இடத்தில் நிறுத்தி யும்னாவின் இடுப்புக்குக் கீழே தலையணையை மாற்றி வைக்கவேண்டியிருந்தது. கிடங்குக்குள் வரிசையாக நின்ற வண்டிகளுக்கு நடுவே அது நின்றது. முத்து வெள்ளை. தூசு படிந்திருந்தது. ஃபாரூக் கைக்குட்டையை எடுத்துக் கதவுப்பிடியைத் துடைத்தார்.

பேட்டரிக்குக் கம்பி கொடுத்து வைத்திருந்தார்கள். ஜைனப் பட்டனை அழுத்தினாள். இருக்கை மெல்ல முனகிக்கொண்டு வெளியே திரும்பியது, இறங்கியது, சரியாகச் சக்கர நாற்காலியின் பக்கத்தில் வந்து நின்றது. பலகையை வைத்தாள். யும்னா கையை ஊன்ற, இவள் இடுப்பை லேசாகத் தள்ள, அவ்வளவுதான், மகள் வழுக்கிக்கொண்டு இருக்கைக்குப் போய்விட்டாள். முதுகில் ஒரு நரம்புகூட இழுக்கவில்லை. இவ்வளவு சுலபமா! ஜைனபுக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. இது முடியாத காரியமாக இருந்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

இருக்கை யும்னாவைத் தூக்கி உள்ளே கொண்டுபோய்ச் சாய்த்தது. அவள் கண்ணை மூடினாள்.

"எப்படி இருக்கு?" என்றாள் ஜைனப்.

"சூப்பரா இருக்கும்மா. வலியே இல்ல." கொஞ்ச நேரம் கழித்து, "ரஞ்சன் அண்ணே, இங்கேருந்து யூனிவர்சிட்டிக்கு எவ்வளவு தூரம்?" என்று கேட்டாள்.

ரஞ்சன் யோசிக்காமல் சொல்லிவிட்டார். "பக்கம்தான்மா, பத்து நிமிஷம். அந்த கேட்டைத் தாண்டி லெஃப்ட் எடுத்தா..."

கேட் எல்லாருக்கும் தெரிந்தது. ஒரு காவலாளி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மொம்பாசா ஏழாயிரம் கிலோமீட்டராவது இருக்கும். அதுவரைக்கும் இந்த வண்டி போகலாம். இந்தக் கேட்டைத் தாண்டிப் பத்து நிமிஷம் போக முடியாது.

ஃபாரூக் சுற்றிக்கொண்டு வந்து ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். கதவைச் சாத்தினார். ஸ்டியரிங்கின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டார். அவருக்கு லைசென்ஸ்கூடக் கிடையாது.

"ஒன்னு நாப்பது" என்றார்.

யாருக்கும் புரியவில்லை. யும்னா கண்ணைத் திறந்து பார்த்தாள்.

"ஒரு லட்சத்து நாப்பதாயிரம். அதுவரைக்கும் கட்டுறதுக்கு எடுத்து வெச்சிருந்தேன்மா. முதல் நாள்லேருந்தே வெச்சிருந்தேன்." அவர் முன்கண்ணாடியைப் பார்த்தபடியே பேசினார். "அதான் என் கடைசி விலை."

ஜைனப் இருபத்து நாலு வருஷம் கேட்டுக் கிடைக்காத பதில். யும்னா அப்பாவின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். திட்டுவாள் என்று ஜைனப் நினைத்தாள், அவள் திட்டவில்லை.

"இப்ப யாரும் கேக்கலியே அத்தா" என்றாள்.

காவலாளி எழுந்து வந்து கைக்கடிகாரத்தைக் காட்டினார். ஜைனப் பட்டனை அழுத்தினாள். இருக்கை நிமிர்ந்து, வெளியே திரும்பி, யும்னாவைச் சக்கர நாற்காலிக்குப் பக்கத்தில் பத்திரமாகக் கொண்டுவந்து இறக்கியது. ஃபாரூக் மட்டும் இறங்கவில்லை. ரஞ்சன் கதவைத் திறந்து, "பாய்" என்று தோளைத் தொட்டுக் கூப்பிட்ட பிறகுதான் இறங்கினார்.